மாதம் தவறாமல் இரண்டு மூன்று மீன் சாகிறது, தண்ணீரோ கண்ணாடி மாதிரி

வாசகர் கேள்வி, மார்ச் 6

கொல்லையில் ஆயிரம் லிட்டர் மீன் தொட்டி, பக்கத்தில் கீரைக்கு இரண்டு ஜல்லிப் படுக்கை, மீன் தண்ணீர் அவற்றின் வழியே சுற்றித் தொட்டிக்கே திரும்பும் அக்வாபோனிக்ஸ் முறை. திலாப்பியா 40 விட்டேன், இப்போது 29. கூண்டோடு சாகவில்லை. நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை இரண்டோ மூன்றோ மிதக்கின்றன. நேற்று முன்தினம் மூன்று. உடம்பில் புண் இல்லை, வெள்ளைப் புள்ளி இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, கீரை தளதளவென்று வருகிறது. ஆளுக்கு ஒரு மருந்து சொல்கிறார்கள். எதைப் போடுவது?

மார்ச் 6, இரவு

ஒன்றையும் போடாதீர்கள். முதலில் இரண்டு நாள் தீவனத்தை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. தின்பது குறைந்தால் அது வெளியே விடும் அம்மோனியாவும் குறையும், மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனும் குறையும். மருந்து விஷயத்துக்கு வந்தால், தொட்டியில் ஊற்றும் மருந்தை ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும் சேர்த்துத்தான் ஊற்றுகிறீர்கள். மீன் விடும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு செடி தின்னும் நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்தப் பாக்டீரியாதான். அது செத்தால் கணக்கு மூன்றோடு நிற்காது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த மீனைத் தனியாக ஒரு டிரம்மில் விட்டுக் கொடுங்கள்.

தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, நைட்ரைட்டுக்கும் கிடையாது. என் தொட்டியில் அதிகம் செத்த வாரத்தில் அடியில் கிடந்த ஜல்லித் துண்டுகளை எண்ணும் அளவுக்குத் தெளிவு.

இவற்றைச் சொல்லுங்கள். செத்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? பெரிய மீனா, சின்னதா? செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தீர்களா, உள்ளே என்ன நிறம்? பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் எவ்வளவு? கடைசியாகத் தொட்டியில் கை வைத்தது எப்போது, என்ன செய்தீர்கள்?

மார்ச் 7

பதில் வந்திருக்கிறது: விடியற்காலை ஆறு மணி, பெரிய மீன்கள், ஏர் பம்ப் ஒன்றுதான், அதுவும் சின்னது. சரி, இது ஆக்சிஜன். எனக்குச் சந்தேகமே இல்லை.

விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் தொட்டிக்குக் கண்டம். பகலில் பாசி ஆக்சிஜனை விடும், இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு இழுக்கும். இரவு முழுக்கச் செலவு, வரவு இல்லை. வெயில் காலத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் சூடான தண்ணீர் ஆக்சிஜனைப் பிடித்து வைக்காது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 7.6 தான். அதே சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் தேவை. 5-க்குக் கீழே போக விடாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. மூச்சு முட்டும்போது பெரிய மீன்தான் முதலில் விழும், நீங்கள் சொன்னதும் அதுதான்.

தொட்டிக்கு மூடி போட்டு வெளிச்சத்தை மறைத்தால் பாசி பாதி அடங்கிவிடும்.

மார்ச் 7, பத்து நிமிடம் கழித்து

தண்ணீர் கண்ணாடி மாதிரி என்று அவர் முதல் கேள்வியிலேயே எழுதியிருக்கிறார், அப்படியென்றால் தண்ணீரில் பாசியே இல்லை. நான் பாசி பற்றி ஒரு பத்தி எழுதி முடித்துவிட்டேன். "சந்தேகமே இல்லை" என்பதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவது ஏர் பம்ப் எப்படியும் வாங்குங்கள், வீண்போகாது.

மார்ச் 9

ஏர் பம்ப் பேச்சு வந்ததால் என் கதை ஒன்று. கரண்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி பம்ப் வைத்திருந்தேன். வாங்கி மாட்டிய நாள் சோதித்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது, குமிழி வந்தது, நிம்மதி. ஒரு வருடம் கழித்து ஓர் இரவு மூன்று மணி நேரம் கரண்ட் போனது. நான் நன்றாகத் தூங்கினேன். பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருக்கிறது, விளக்கு மட்டும் மெயின் கரண்டில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. காலையில் மேல்மட்டத்தில் ஒன்பது மீன் வாயைத் திறந்தபடி மிதந்தன. மிச்சமிருந்தவை செடிப் படுக்கையிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக மொய்த்துக்கொண்டிருந்தன. கரண்ட் வந்த பிறகு அந்த ஒரு குழாய்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது.

இப்போது மாதம் ஒருமுறை மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓட விடுகிறேன். பேட்டரியும் இல்லை, கரண்டும் இல்லை என்றால் வாளியால் மொண்டு தலை உயரத்திலிருந்து ஊற்றுவதுதான் வழி. கை கழன்றுவிடும், ஆனால் வேலை செய்யும்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மீன் தொட்டியிலேயே வைத்திருந்தால், மேலே ஒரு குழாய் கழன்றால் போதும், தொட்டித் தண்ணீர் முழுவதையும் அது தோட்டத்துக்கு இறைத்துவிட்டுத்தான் ஓயும். மோட்டாரை சம்ப்பில், அதாவது தண்ணீர் வடிந்து சேரும் கீழ்த் தொட்டியில், போடுங்கள். அப்போது கசிந்தால் சம்ப்தான் வற்றும், மீன் தொட்டி மட்டம் குறையாது. இன்னொன்று, மோட்டார் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சிக்கொண்டு போகும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து அது நின்றுவிடும். துரப்பணம் எடுத்தால் ஒரு நிமிட வேலை. நான் இதை மூன்று மீனுக்குப் பிறகுதான் செய்தேன்.

மார்ச் 11, காலை

அளவு போட்டிருக்கிறார்: லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் அம்மோனியா 1, நைட்ரைட் 0.5, நைட்ரேட் பூஜ்யம்; பிஎச் 6.2. கீழே ஒருவர், "பிஎச் குறைவு, ஒரு கைப்பிடி சுண்ணாம்பு கரைத்து ஊற்றுங்கள், மாலைக்குள் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறார்.

ஊற்றிவிடாதீர்கள். ஊற்றியாயிற்றா?

மார்ச் 11, மதியம்

ஊற்றவில்லையாம். நல்லது. இனி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கைப்பிடியை நான் ஊற்றியிருக்கிறேன்.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், மீனை அவ்வளவாகத் தொடாது. மற்றது கரைந்த அம்மோனியா, செவுளை எரிப்பது அதுதான். எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் சூடும் முடிவு செய்கின்றன. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 100-க்கு அரைப் பங்கு போல விஷம். பிஎச் 8 என்றால் 100-க்கு 5 பங்குக்கு மேல். ஒரு படி ஏறினால் ஏறக்குறைய பத்து மடங்கு. டெஸ்ட் கிட்டில் தெரிவது இரண்டும் சேர்ந்த மொத்தம்.

என் தொட்டியில் அன்றைக்குப் பிஎச் 6, மொத்த அம்மோனியா 4. பிஎச் இறங்கியதால் பாக்டீரியா மந்தமாகி அம்மோனியா சேர்ந்திருக்கிறது, ஆனால் அதே தாழ்ந்த பிஎச்தான் மீனைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்திருக்கிறது. மீன்கள் ஓரளவு நன்றாகத்தான் நீந்தின. நான் ஒரு கைப்பிடி நீற்றுச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினேன். இரண்டு மணி நேரத்தில் பிஎச் 8. அதாவது லிட்டருக்கு 0.002 மில்லிகிராம் இருந்த விஷம் 0.2 ஆனது, நூறு மடங்கு. மீன்கள் சுழன்று சுழன்று பக்கவாட்டில் விழுந்தன. நான் பயந்துபோய், சுண்ணாம்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கரைத்தேன். அந்த இரண்டாவது டம்ளர் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பதினான்கு போயிற்று.

ஆகவே முதலில் தண்ணீரில் கால்வாசியை மாற்றி அம்மோனியாவை இறக்குங்கள், பிறகு பிஎச்சை ஏற்றுங்கள். அதுவும் ஒரு நாளைக்கு 0.2 போல.

நைட்ரைட் 0.5-க்கு: ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பு. உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியே உள்ளே விடாது. நைட்ரைட் கலந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது, செவுள் சாக்லேட் நிறத்துக்குப் போகும். தொட்டி நிறைய ஆக்சிஜன் இருந்தும் மூச்சு முட்டிச் சாகும். செவுள் நிறத்தை நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நைட்ரேட் பூஜ்யம் என்பதை நான் நம்பவில்லை. கீரை தளதளவென்று வருகிறது என்கிறீர்கள். சொட்டு மருந்து டெஸ்ட் கிட் என்றால் நைட்ரேட்டின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும். அடியில் உறைந்திருப்பது கலக்காவிட்டால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும்.

மார்ச் 12

குலுக்கிப் பார்த்தாராம், 40. சரி.

பிஎச் ஏன் இறங்குகிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தொட்டி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே அதுதான். அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும்போது பாக்டீரியா அமிலத்தை விடும். அம்மோனியாவிலுள்ள ஒரு கிராம் நைட்ரஜனுக்கு ஏழு கிராம் சுண்ணாம்புக் கல்லின் காரத்தன்மை, அதாவது அமிலத்தை அடக்கும் கையிருப்பு, செலவாகும். நாள்தோறும் தீவனம் போடுகிறோம், நாள்தோறும் அது தேய்கிறது. பிஎச் சில மாதம் அசையாமல் இருந்துவிட்டு ஒரு வாரத்தில் சரேலென்று இறங்குவது இதனால்தான், கையிருப்பு தீரும் வரை வெளியே தெரியாது. கிளிஞ்சல் தூளை வலைப்பையில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்க விடுங்கள். பிஎச் ஏற ஏற அது கரைவது தானாகவே குறையும். அவசரத்துக்குப் பொட்டாசியம் பைகார்பனேட் சிறிது, செடிக்கும் பொட்டாசியம் கிடைக்கும்.

மார்ச் 15

இந்தக் கேள்வி-பதில் இழை எங்கேயோ போகிறது. பூனையைப் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பூனையை விட மீனே தன்னை அதிகம் கொல்கிறது, குதித்து. திலாப்பியா துள்ளினால் தொட்டி விளிம்பு அதற்கு ஒரு பொருட்டில்லை. புதிதாக விட்ட முதல் வாரத்திலும், தண்ணீர் கெட்ட நாளிலும் அதிகம் குதிக்கும். வலை கட்டுங்கள், ஓரத்தில் கைவிடும் இடைவெளி கூட விடாமல். பறவைக்கும் சேர்த்து அது ஒன்றே போதும்.

நான் தினமும் தீவனம் போடும்போது எண்ணுவேன். எனக்கு 28 இருந்தது, ஜனவரியிலிருந்து 27. தரையில் இல்லை, அடியில் இல்லை, எலும்பும் இல்லை. பூனை என்று எழுதி மூடிவிட்டேன். எண்ணுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் அடியில் செத்துக் கிடப்பதைப் பார்க்காமல் விட்டால் அது அழுகி அம்மோனியாவாகி அடுத்ததைக் கூப்பிடும்.

மார்ச் 16

திருத்தம். ஒரு கிலோ உப்பு என்று எழுதினேன். ஒருவர் தன் ஸ்ட்ராபெரி இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது என்று திட்டியிருக்கிறார், நியாயம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் லிட்டருக்கு 200 கிராம் உப்பு போட்டாலே லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு வரும். நைட்ரைட்டைப் போல் பத்து மடங்கு குளோரைடு இருந்தால் போதும் என்பதுதான் விதி. 0.5 நைட்ரைட்டுக்கு 200 கிராமே தாராளம். உப்பு ஆவியாகிப் போகாது, தண்ணீரை மாற்றினால்தான் குறையும். போடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராபெரிக்காரரிடம் மன்னிப்பு.

மார்ச் 19

செத்த மீனுக்குப் பதில் புதிது வாங்கலாமா என்கிறார். காரணம் தெரியாமல் வாங்காதீர்கள். ஐநா உணவு, வேளாண் அமைப்பு வீட்டுத் தொட்டிக்குச் சொல்லும் அளவு ஆயிரம் லிட்டருக்கு 10 முதல் 20 கிலோ மீன். 40 குஞ்சு விடும்போது அது ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் அரைக் கிலோ ஆனால் 20 கிலோ, உச்சியில் நிற்கிறீர்கள். ஒருவகையில் செத்தவை உங்களுக்கு இடம் விட்டிருக்கின்றன. கொடூரமாக இருக்கிறது, ஆனால் கணக்கு அப்படித்தான்.

வாங்கினாலும் மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். பையை மிதக்க விட்டு, ஒரு மணி நேரம் சிறிது சிறிதாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்துப் பழக்குங்கள்.

மார்ச் 19, இரவு

கடைசி வரி எல்லாருக்கும் பொருந்தாது. பக்கத்திலிருந்து வந்த மீனுக்குச் சரி. பத்து மணி நேரம் பையில் அடைந்து வந்த மீன் என்றால் வேறு கதை. உள்ளே அம்மோனியா சேர்ந்திருக்கும், மூச்சு விட்ட கரியமில வாயுவால் பிஎச் தாழ்ந்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அந்த அம்மோனியா விஷமாகும். மார்ச் 11-ல் எழுதிய சுண்ணாம்புக் கதைதான், சின்னப் பைக்குள். மூடிய பையை மிதக்க விட்டுச் சூட்டை மட்டும் சமன் செய்யுங்கள், திறந்ததும் வலையால் எடுத்து உடனே விடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் பொறுமையாக மீனை நஞ்சில் ஊறவைத்திருக்கிறேன் நான், அதுவும் பாசத்தோடு.

மார்ச் 23

கேள்வி கேட்டவர் இன்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார்: "நான் ரொம்ப சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். மாதம் முதல் ஞாயிறு ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட்டுவிடுவேன்."

ஐயா. முதல் நாளே கேட்டேனே, கடைசியாக என்ன செய்தீர்கள் என்று.

மார்ச் 2 ஞாயிறு, மூன்று மீன் மிதந்தது 4-ஆம் தேதி. பிப்ரவரியிலும் முதல் வாரம்தானா? எப்படிக் கழுவுவீர்கள்? ஜல்லியைக் கிளறும்போது அடியில் கறுப்பாக வருமா, அழுகிய முட்டை வாடை அடிக்குமா?

மார்ச் 23, மாலை

அடிக்குமாம். பிப்ரவரியிலும் முதல் வாரமாம். பாதி ஜல்லியை அள்ளி ஹோஸ் பைப்பால் கலங்கல் போகும் வரை கழுவி, மறுபடி கொட்டி, உடனே மோட்டாரைப் போடுவாராம். ஹோஸ் தண்ணீரில் குளோரின் உண்டு.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் மேல் கோபம் இல்லை. ஆக்சிஜன், சுண்ணாம்பு, உப்பு என்று இரண்டு வாரமாக நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நடப்பது இதுதான். படுக்கை அடியில் கழிவு சேர்ந்து காற்றுப் புகாத இடங்கள் இருக்கும், அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். முட்டை வாடை அதுதான். கிளறாத வரை அது அங்கேயே கிடக்கும். கிளறி மோட்டாரைப் போட்டால் கறுப்புத் தண்ணீர் சம்ப் வழியாக மீன் தொட்டிக்கே போகிறது. மிகச் சிறிதளவே மீனைக் கொல்லும், ஆக்சிஜனையும் தின்றுவிடும். தப்பிய மீனுக்கு அடுத்த அடி: குளோரின் தண்ணீரில் கழுவியதில் பாக்டீரியா பாதி போய்விட்டது. ஆகவே அம்மோனியா ஏறுகிறது, கொஞ்ச நாள் கழித்து நைட்ரைட் ஏறுகிறது. 11-ஆம் தேதி அவர் போட்ட 1, 0.5 அதுதான். இரண்டு மூன்று வாரத்தில் பாக்டீரியா மீண்டு எல்லாம் பூஜ்யத்துக்கு வரும்போது அடுத்த முதல் ஞாயிறு வந்துவிடும். புதுத் தொட்டி பழுக்க, அதாவது அதில் பாக்டீரியா நிலைபெற, நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பார்கள். இவர் மாதாமாதம் பாதித் தொட்டியைப் புதிதாகத் தொடங்கிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 6 முதல் ஞாயிறு. அன்று வேறு எங்காவது போய்விடுங்கள்.

மார்ச் 24

கழுவவே கூடாதா என்கிறார். படுக்கைக்கு முன்னால் ஒரு டிரம்மில் வலையை அடைத்து, திடக்கழிவை அங்கேயே பிடியுங்கள். அந்த வலையை வாரம் ஒருமுறை அலசுங்கள், அதில் எதுவும் நஷ்டமில்லை. ஜல்லியில் மண்புழு விடுங்கள், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அறுவடையில் செடியை வேரோடு பிடுங்காமல் தண்டை வெட்டுங்கள். பிடுங்குவதும் ஒரு கிளறல்தான். படுக்கை நிஜமாகவே அடைத்துக்கொண்டால் கால்வாசி மட்டும், அந்தப் படுக்கையின் ஓட்டத்தைத் துண்டித்துவிட்டு, தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து அலசி, கறுப்புத் தண்ணீரைச் செடிகளுக்குக் கொட்டுங்கள். அடுத்த கால்வாசி ஒரு மாதம் கழித்து.

குழாய்த் தண்ணீரை ஒருநாள் காற்றடிக்க வைத்தால் போதும் என்று கீழே எழுதியிருப்பது குளோரினுக்குச் சரி. குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் அப்படிப் போகாது, அதற்கு சோடியம் தயோசல்ஃபேட்டோ வைட்டமின் சியோ வேண்டும். எது கலக்கிறார்கள் என்று தண்ணீர் தருபவரிடமே கேளுங்கள்.

பூச்சி மருந்து பற்றிக் கேட்டவருக்கு: எதையும் தெளிக்காதீர்கள். சோப்புக் கரைசலும் மீனுக்கு விஷம். பைரெத்ரின் வகை அதைவிட மோசம்.

ஏப்ரல் 9

"கை துறுதுறுக்கிறது, ஆனால் தொடவில்லை. சாவு இல்லை. அம்மோனியா பூஜ்யம்." இவ்வளவுதான் எழுதியிருக்கிறார். எனக்கு இது போதும்.

மே 7

இரண்டாவது முதல் ஞாயிறும் போயிற்று. 29-தான் இருக்கிறதாம். இல்லை, 28. ஒன்று குதித்துவிட்டது, வலையை ஒரு மூலையில் கட்டாமல் விட்டிருக்கிறார். அது என் கணக்கில் வராது.

மே 18

என் பங்குக்கு ஒன்று. இன்று சம்ப்பிலிருந்த மோட்டாரின் சல்லடை அடைத்துக்கொண்டது என்று கையை விட்டேன். இருட்டுக்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு விலகியது, நான் பின்னால் விழுந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு திலாப்பியா. ஜனவரியில் காணாமல் போன 28-ஆவது. மீன் தொட்டி நிரம்பினால் வழிவதற்கு ஒரு குழாயை நேராக சம்ப்புக்கு விட்டிருக்கிறேன், குட்டியாக இருந்தபோது அதன் வழியே இறங்கியிருக்கிறது. நாலு மாதம் நான் ஒரு தீவனத் துகள் கூடப் போடவில்லை. வழிந்து வந்ததைத் தின்றே மற்றவற்றைவிட ஒரு விரல் நீளம் கூடியிருக்கிறது.

பூனையின் பெயரை நோட்டிலிருந்து அடித்துவிட்டேன். வழிவுக் குழாய் வாயில் வலையும் கட்டினேன். அந்த மீனை மேல் தொட்டிக்கு மாற்றலாமா என்று யோசித்து, இரண்டு முறை கைவலையை எடுத்து, இரண்டு முறையும் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.